அப்பத்தாளின் போர்க்காலச் சிட்டை: ஒரே வீட்டுக்கு ஐந்து அட்டை எப்படி?

கேட்டவர்: கோட்டையூர்ப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறைகளைச் சென்ற மாதம் ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பித்தளைச் சாமான்களுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியில் என் அப்பத்தா தம் கைப்பட எழுதிய சிட்டை ஒன்று கிடைத்தது. பேரேடும் ஐந்தொகையும் ஐயாவின் பொறுப்பு. அவை கடையைச் சேர்ந்தவை. இது அடுப்படிக் கணக்கு மட்டுமே. சுபானு வருஷம் ஐப்பசியில் தொடங்கி விய வருஷம் ஆவணியில் முடிகிறது. அதாவது 1943ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1946 வரை, உலகப் போரின் பிற்பாதியும் அதற்கு அடுத்த ஓர் ஆண்டும் இதில் அடங்குகின்றன.

எண்கள் அனைத்தும் தமிழ் எண்களாகவே இருப்பதால் முதலில் சற்றுத் திணறினேன். ‘அ’ என்ற எழுத்து அரிசியைக் குறிக்கிறதா, எட்டைக் குறிக்கிறதா என்று பல இடங்களில் தெரியவில்லை. ‘தலைக்கு அ, கோ ௪’ என்ற வரி 1946ஆம் ஆண்டுப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘சீ.எ.’ என்பது சீமெண்ணெய் என்று ஊகித்தேன். ‘மு. துணி’ என்றால் என்ன என்று தெரியவில்லை. ‘ஓ.கா. இல்லை, கடைச் சீட்டு ௩’ என்பதும் புரியவில்லை.

என்னை மிகவும் குழப்புவது வேறொன்று. தொடக்கம் முதல் ‘அட்டை ௫, சீ.எ. புட்டி ௫’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தெருவைப் பார்த்து ஒரே ஒரு தலைவாசல்தான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எப்படி ஐந்து பங்கீட்டு அட்டைகள் கிடைத்தன? அதே சிட்டையில், 1944 மாசி முதல், ‘விறகு ஒரு அடுப்புக்கு, ௫ல் ௧ பங்கு’ என்றும் வருகிறது. அட்டைக்கு ஐந்து என்றும் அடுப்புக்கு ஒன்று என்றும் இரண்டு விதமாகக் கணக்குக் காட்டியிருப்பதைப் பார்த்தால், கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இது ஏதேனும் ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம் எழுகிறது. அப்பத்தா அப்படிப்பட்டவர் அல்லர். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களோ, வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். போர் முடிந்த பின்பும் ஓராண்டு இந்தக் கணக்கு ஏன் தொடர்கிறது என்பதும் விளங்கவில்லை.


பதில்: தேவகோட்டை ஆயா (ஆயா சொல்ல, மகள் வயிற்றுப் பேரன் தட்டச்சு செய்கிறேன்)

மகளே, உன் அப்பத்தா ஏமாற்றவில்லை. சட்டத்துக்கும் நம் வழக்கத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக அக்காலத்தில் பல வீட்டுப் பெண்கள் நடந்து போனார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். ஆனால் அடுப்படியில் நடந்தது எதுவும் மறக்கவில்லை.

நம் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கலியாணம் ஆனால் சில காலத்தில் அவனை ‘வேறு வைப்பது’ என்ற வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டு அனுப்புவது அன்று. அதே வளவில் அவர்களுக்கென ஓர் அறை, அவர்களுக்கென ஓர் அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு தலைவாசலுக்குள் ஐந்து புள்ளி, அதாவது கலியாணமான ஐந்து குடும்பம் இருந்தால், ஐந்து அடுப்பு எரியும். குடும்ப அட்டை எழுத வந்தவர்கள், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் தனிக் குடும்பம் என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கின்படி எங்கள் வீட்டுக்கு நான்கு அட்டை. உங்கள் வீட்டுக்கு ஐந்து. அதில் பொய் எதுவும் இல்லை.

அரிசி தலைக்கணக்கில் வந்தது. அட்டை ஒன்றாக இருந்தாலும் ஐந்தாக இருந்தாலும் அரிசி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆனால் எங்கள் ஊரில் சீமெண்ணெயை அட்டைக்கு ஒரு புட்டி என்று கொடுத்தார்கள். அட்டைகள் தனித்தனியாக இருந்ததன் பெருமை சீமெண்ணெய் வாங்கும் அன்று தெரிந்தது. உன் சிட்டையில் அட்டை எண்ணிக்கையும் புட்டி எண்ணிக்கையும் ஒரே வரியில் இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

விறகுதான் கதையை மாற்றியது. முன்பு வண்டி வண்டியாகக் கருவேலம் விறகு வந்து பின்கட்டில் அடுக்கியிருக்கும். போர்க்காலத்தில் நிலக்கரி பற்றாமல் ரயிலுக்கே விறகு போட்டு ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் கரி வேண்டும் என்று காட்டுக்காரர்கள் மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றார்கள். மிஞ்சியதுதான் வீட்டு அடுப்புக்கு. விலை ஏறிக்கொண்டே போயிற்று. நான்கு அடுப்பில் நான்கு உலை வைப்பதற்கு ஆகும் விறகில் ஒரு பெரிய உலை வைத்தால் பாதிதான் செலவாகும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் வேறு வைத்த மருமகளை மீண்டும் மாமியார் அடுப்புக்கு அழைப்பது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மூன்று வாரம் நடந்தது. யார் உலை வைப்பது, யார் வடிப்பது, யாருக்கு முதலில் பரிமாறுவது என்ற எல்லாவற்றுக்கும் முறை வைத்த பிறகுதான் ஒரே அடுப்பு எரிந்தது. எனக்குத் தெரிந்து அந்த வளவில் சமாதானப் பேச்சு என்று ஒன்று நடந்தது அதுதான்.

ஆக, அட்டை நான்கு, அடுப்பு ஒன்று. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று முன்கட்டில் தகவல் வந்தால், என் ஆத்தாளும் சின்னம்மாமாரும் ஓடிப்போய் அவரவர் அடுப்பில் நாலு சுள்ளியை வைத்துப் பற்றவைத்துப் பேருக்கு ஒரு பானைத் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை அவசரத்தில் என் சின்னம்மா ஏற்றிய பானையில் தண்ணீரே இல்லை, அது வெடித்துவிட்டது. வந்தவர் முற்றத்தில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, எதையும் கேட்காமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலும் அதே கதைதானோ என்னவோ.

கண்ட்ரோல் அரிசி, அதாவது பங்கீட்டுக் கடை அரிசி பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. அது எந்த ஊரில், எத்தனை நாள் மூட்டையில் கிடந்ததோ, களைந்தால் தண்ணீர் பழுப்பாகும். வெந்தால் நாற்றம் முகப்பு வரை வரும். சுளகில் கொட்டிக் கல் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. நாங்கள் பொறுக்கிய கல்லை என் ஆயா தூக்கி எறியவிடவில்லை. ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்து, ‘இவ்வளவு கல்லுக்கும் காசு கொடுத்திருக்கிறோம்’ என்று சொல்வார்கள். பின்னர் அரிசி குறைந்து கோதுமை வந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் அரிசி போலவே உலையில் போட்டுவிட்டு மதியம் வரை காத்திருந்தோம். பிறகு திருகையில் உடைத்துக் கஞ்சி காய்ச்சினோம். அதுவரை எங்கள் வீட்டில் வேலையாட்களுக்கென்றே கிண்டிய கேப்பைக் களியை அந்த ஆண்டுதான் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சீனி கிடைக்காதபோது காபிக்குக் கருப்பட்டி. அது ஒன்றில்தான் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

நான்கு புட்டி சீமெண்ணெய் கிடைத்தும் மாதம் முழுவதும் வராது. இரவில் பட்டாலையில் ஓர் அரிக்கேன் விளக்கு மட்டும் எரியும். நான்கு குடும்பத்துப் பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்து படிப்போம். பரீட்சை யாருக்கோ அவர் விளக்குக்கு அருகில். மற்றவர்கள் வெளி வட்டத்தில். அடுப்படியில் இலுப்பெண்ணெய் ஊற்றிய அகல். இலுப்பெண்ணெய்ப் புகையின் மணத்தை இன்றைக்கும் எங்கே முகர்ந்தாலும் எனக்கு ஆறாம் வாய்பாடு நினைவுக்கு வருகிறது.


பதில்: காசுப்பெட்டி

ஆயா அவர்களின் பதிலுக்குப் பிறகு அட்டைக் கணக்கில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பழைய காசுகளைச் சேர்ப்பவன் என்ற முறையில் ‘ஓ.கா.’ பற்றியும், ‘தலைக்கு அ’ பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

‘ஓ.கா.’ என்பது ஓட்டைக் காலணா. 1943இல் புழக்கத்துக்கு வந்த, நடுவில் துளையிட்ட வெண்கலக் காசு அது. அதற்கு முந்தைய காலணாவின் எடையில் பாதியைக்கூட அது எட்டாது. போருக்கு உலோகம் தேவைப்பட்டதால் அளவையும் குறைத்து, நடுவையும் குடைந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காசையே வாஷராகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அரைஞாண் கயிற்றில் கோத்துப் பிள்ளைகளுக்குக் கட்டியவர்களும் உண்டு. 1942 வாக்கில் நாடு முழுவதும் சில்லறைத் தட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. கடைக்காரர்கள் சில்லறைக்குப் பதிலாகத் தம் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுத்தார்கள். அடுத்த முறை அதே கடையில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் அப்பத்தாளின் ‘கடைச் சீட்டு ௩’ அதுவே. மூன்று காலணாவுக்கான சீட்டாக இருக்கலாம்; 4 காலணா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கை வைத்து அந்தப் பக்கத்தின் கூட்டுத் தொகையைச் சரிபார்த்தால் உறுதியாகிவிடும்.

சில்லறை ஏன் மறைந்தது என்பதற்கு நம் ஊர்க்காரர்களையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். 1940இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியின் பங்கைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு ரூபாய்த் தாளும் அந்த ஆண்டே வந்தது. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்ற ஆணையும் அந்த ஆண்டில் பிறந்தது. மறு ஆண்டு விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் செல்லாது என்று அறிவித்தார்கள். நல்ல வெள்ளியைத் தட்டிப் பார்த்தே அறியும் ஊரில் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? பழைய ரூபாய்கள் பெட்டிக்குள் போய்விட்டன. தாள் வெளியே வந்தது. இன்றைக்கும் காரைக்குடிப் பழம்பொருள் கடைத் தெருவில் ராணி ரூபாய் தாராளமாகக் கிடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆணையை நினைத்துக்கொள்வேன்.

‘தலைக்கு அ, கோ ௪’ என்பதில் ‘அ’ நிச்சயமாக எட்டு. அரிசி 8 அவுன்ஸ், கோதுமை 4 அவுன்ஸ், ஆக 12 அவுன்ஸ். 1943இல் தில்லியில் உணவு தானியக் கொள்கைக் குழு பெருநகரங்களில் பங்கீட்டைக் கொண்டுவரச் சொன்னபோது, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ் தானியம் என்ற அளவைப் பரிந்துரைத்தது. 1946இன் தொடக்கத்தில் அது 12 அவுன்ஸாகக் குறைக்கப்பட்டது. இன்றைய அளவில் 340 கிராம். உழைப்பவர்களுக்கு அது ஒரு வேளைச் சோறு. தொடுகறிக்கு வழியில்லாதவன் சோற்றால்தான் வயிற்றை நிரப்ப வேண்டும். போர் முடிந்தும் சிட்டை தொடர்வதற்கு இதுவே விடை. சண்டை நின்றதே தவிர, தானியப் பற்றாக்குறை நிற்கவில்லை. 1947 டிசம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்; மறு ஆண்டே மீண்டும் கொண்டுவந்தார்கள்; சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி முதலமைச்சராக இருந்து 1952 ஜூனில் நீக்கியபோதுதான் அரிசி பங்கீட்டுக் கடையிலிருந்து விடுதலை பெற்றது. கண்ட்ரோல் என்ற சொல் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நம் வீடுகளில் மட்டமான பொருளுக்கெல்லாம் அடைமொழியாக இருந்தது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இதைச் சொல்லாவிட்டால் செட்டிநாட்டுக் கணக்கு முழுமை பெறாது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பர்மா போனபோது அரிசி போயிற்று; நமக்கு அரிசியும் வருமானமும் சேர்ந்தே போயின. 1930களின் பொருளாதார மந்தத்தில், நகரத்தார் வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போனதால் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமானது. அதற்கு முந்தைய நாள் ஆங்கிலேயர்கள் பக்கத்துச் சிரியம் எண்ணெய் ஆலையைத் தாங்களே தகர்த்துவிட்டுப் போனார்கள். ஆயா சொன்ன புட்டிச் சீமெண்ணெயின் கதை அங்கே தொடங்குகிறது. மலேயாவும் சிங்கப்பூரும் அதற்கு முன்பே விழுந்துவிட்டன. அங்கிருந்த வட்டிக்கடையிலிருந்து வட்டி வரவில்லை, நிலத்திலிருந்து குத்தகை வரவில்லை. நடந்தே ஊர் திரும்பியவர்களின் வாய்வழிச் செய்தி மட்டும் வந்தது. பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஆழாக்கு அளந்தவர்கள் நம் ஆச்சிமார். வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் மாண்டவர்கள் 15 லட்சம் என்று விசாரணைக் குழு சொன்னது. 30 லட்சம் வரை சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் நாம் பட்டது வெறும் முடை. இருந்தாலும் முடை முடைதானே.


பதில்: இராயவரத்தான்

காசுப்பெட்டி அண்ணன் சில்லறையைப் பற்றி எழுதியதற்கு ஒரு சிறு திருத்தம். ஊர் முழுவதும் சில்லறை இல்லை என்பது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர்களுக்குப் பொருந்தும். இராயவரம், பொன்னமராவதி, கோனாபட்டு போன்ற ஊர்கள் அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தன; எங்களுக்கென்று அம்மன் காசு இருந்தது. 20 அம்மன் காசு ஓர் அணா. ஓட்டைக் காலணா வராவிட்டாலும் எங்கள் வீட்டுக் கிழவிகள் வெற்றிலைக்கும் கீரைக்கும் அம்மன் காசை வைத்துச் சமாளித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்டு காரைக்குடிச் சந்தைக்குப் போனால் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

அரிசிக்கும் இதே கதைதான். கானாடுகாத்தான் இருப்பது இராமநாதபுரம் ஜில்லாவில், அதற்குக் கொஞ்சம் வடக்கே புதுக்கோட்டைச் சமஸ்தானம். பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் இரண்டு பக்கத்திலும் உண்டு. அதுவரை எல்லை என்று ஒன்று இருந்ததையே யாரும் பெரிதாக நினைத்ததில்லை. போர் வந்ததும் அரிசி எல்லை கடக்கப் பர்மிட் வேண்டும் என்றாகிவிட்டது. மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று பத்துப் படி அரிசி கொண்டுபோன என் பாட்டனார், அதைப் பலகாரச் சம்புடத்துக்குள் நிரப்பி மேலே நாலு முறுக்கை அடுக்கிக்கொண்டு போனாராம். சாவடியில் இருந்தவர் மூடியைத் திறந்து இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். திரும்பும்போது அதே ஆள், ‘முறுக்கு நன்றாக இருந்தது, அடுத்த முறை அரிசியைக் கொஞ்சம் குறைத்து முறுக்கைக் கூட்டுங்கள்’ என்றாராம். உங்கள் சிட்டையில் ‘வடக்கே இருந்து வந்தது’ என்ற தலைப்பில் ஏதாவது வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இப்படி வந்ததாக இருக்கலாம்.


பதில்: தறிமேடை

‘மு. துணி’ என்பது முத்திரைத் துணி. நாங்கள் கண்டாங்கிச் சேலை நெய்த குடும்பம் என்பதால் இந்தச் சொல் வீட்டில் அடிபட்டுக் கேட்டிருக்கிறேன். 1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்குள் துணி விலை போருக்கு முன்பிருந்ததைப் போலப் பல மடங்கு ஏறியிருந்தது; ஆலைத் துணியில் கணிசமான பங்கு படைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆணைக்குப் பிறகு ஆலைகள் துணியின் மீதே விலையை முத்திரையிட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. கடைக்காரர் அந்த விலைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். முத்திரை விலைக்குக் கேட்டால் துணி இல்லை என்பார். கொஞ்சம் கூடக் கொடுத்தால் உள்ளே போய்க் கொண்டுவருவார். கள்ள மார்க்கெட் என்ற சொல்லை எங்கள் பாட்டிமார் கற்றுக்கொண்டது அரிசிக் கடையில் அல்ல, ஜவுளிக் கடையில்.

தறிக்காரர்கள் பட்ட பாடு வேறு. நூல் பங்கீட்டில் வந்தது, அதுவும் வேண்டிய நம்பரில் வராது. வெளிநாட்டுச் சாயத்தின் வரத்துக் குறைந்துவிட்டது. கண்டாங்கியின் அழகே அரக்கும் கறுப்பும் மஞ்சளும் கட்டத்துக்குக் கட்டம் அழுத்தமாக நிற்பதுதான். சாயம் சரியில்லாமல் அந்த ஆண்டுகளில் நெய்த சேலை இரண்டு வெளுப்பில் நிறம் கலங்கிப்போகும். அப்படிப்பட்ட சேலை ஒன்று எங்களிடம் இன்னும் இருக்கிறது. விற்க மனம் வராமல் பாட்டனார் நிறுத்தி வைத்துக்கொண்டது. கட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆயா அவர்கள் கரி பஸ்ஸைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பற்றி இரண்டு வரி. பெட்ரோல் 1941இலேயே பங்கீட்டுக்கு வந்துவிட்டது. பஸ்ஸின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் உருளைக் கொப்பரையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, போதிய காற்றுக் கொடுக்காமல் எரித்தால் வரும் வாயுவை இயந்திரத்துக்குள் செலுத்தி ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே அப்படிப்பட்ட கருவியைத் தயாரித்தது. விடியற்காலையில் கிளீனர் வெகுநேரம் விசிறியைச் சுற்றிக் கரியைக் கனலவைத்த பிறகுதான் வண்டி உயிர் பெறும். மேடு வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குப் பஸ்ஸில் போனவன், பாதி வழி நடந்து போனவனுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான் என்று எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு.


கேட்டவர்: கோட்டையூர்ப் பேத்தி

எல்லாருக்கும் என் நன்றி. ஆயா அவர்களின் பதிலை என் அத்தைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பானை வெடித்த இடத்தில் அவர்கள் சிரித்த சிரிப்பில் வாசிப்பை நிறுத்தவேண்டியதாயிற்று. எங்கள் வீட்டிலும் சோதனை நாளில் ஐந்து அடுப்பு எரிந்ததாக அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்களாம்.

நீங்கள் சொன்னவற்றை வைத்துச் சிட்டையை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். காலணாக் கணக்குச் சரியாக வருகிறது. ‘வடக்கே’ என்ற தலைப்பு இல்லை. ஆனால் ‘முறுக்கு’ என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை வரவு வைத்து, எதிரில் படிக்கணக்கு எழுதியிருக்கிறது. முறுக்கைப் படியால் அளப்பானேன் என்று முதலில் விழித்தேன். இராயவரத்து அண்ணனின் பாட்டனார் பயணம் செய்த வழியில் எங்கள் வீட்டாரும் போயிருக்கிறார்கள்.

முத்திரைத் துணி பற்றிய பக்கத்தில் ஒன்றைக் கண்டேன். 1944 கார்த்திகையில், பிள்ளையார் நோன்புக்கு முந்திய நாட்களில், ‘மு. துணி வேட்டி ௧, இழைக்கு’ என்று இருக்கிறது. கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளும் கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக நூல் எடுத்துத் திரிக்கும் வழக்கத்துக்கு, அந்த ஆண்டு ஐந்து புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே வேட்டிதான் வாங்கியிருக்கிறார்கள். அந்த வேட்டியைப் பிறகு யார் கட்டிக்கொண்டார்கள் என்றும் அப்பத்தா எழுதியிருக்கிறார்: ‘கடைசிக் கொழுந்தனுக்கு. முத்திரை உள்பக்கம் வரக் கட்டச் சொன்னது.’

ஒரே அடுப்பு எரிந்த நாட்களில் ஓரகத்திமாருக்குள் கைமாற்றாகக் கொடுத்ததும் வாங்கியதும் ஆழாக்கு, உழக்கு என்று பின்பக்கங்களில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அடித்துத் தீர்க்கப்பட்டிருக்கிறது, ஒன்றைத் தவிர. கடைசிப் பக்கத்தில், விய வருஷம் ஆவணி மாதத்தில், இப்படி இருக்கிறது: ‘அடுப்புப் பிரித்தது. பெரிய உலைப்பானை மாமியார் அறைக்கு. சுளகு அவரவருக்கு. சின்னவளுக்கு நான் தரவேண்டியது அரிசி ஆழாக்கு ௩, கேட்டால் கொடுக்க.’

சின்னவள் என்பது என் சின்ன அப்பத்தா. அவர்கள் பேத்தி அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாள். மூன்று ஆழாக்கு என்பது இன்றைய கணக்கில் எத்தனை கிராம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


பதில்: தேவகோட்டை ஆயா

கிராமில் கேட்காதே மகளே. என்னிடம் பித்தளை ஆழாக்கு இருக்கிறது, பேரனிடம் கொடுத்தனுப்புகிறேன். தலை தட்டி அளக்காதே, கும்பாரமாக அள.